வலப்பக்கம் வந்தவர்கள்



இந்த வாரச் சிந்தனையை ஒரு வீடியோ கேமிலிருந்து தொடங்குகிறேன் என்றால் உங்களில் சிலர் நெற்றியைச் சுருக்குவீர்கள். அது நியாயமே. பிள்ளைகள் இரவு வெகுநேரம் கணினி முன் உட்கார்ந்திருப்பதைக் கண்டித்து இதே பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அந்தக் கண்டிப்பை நான் திரும்பப் பெறவில்லை. ஆயினும், மருத்துவமனையும் நண்பர்களும் என் சொந்த மனச்சாட்சியும் காட்டாத ஒரு குறையை எனக்குக் காட்டியது ஒரு கார்ப் பந்தய விளையாட்டுதான். அந்தக் குறையால் நம் சபையில் ஒருவர் மிகவும் காயப்பட்டிருந்தார். அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன்.

சென்ற மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. போதகருக்கு ஓரளவு ஓய்வு கிடைப்பது அந்த ஒரு நாளில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ப்ளஸ் டூ தேர்வை முடித்திருந்த என் இளைய மகன் குருமனையின் பின்னறையில் விளையாடிக்கொண்டிருந்தான். நான் தேநீர்க் கோப்பையோடு அவன் பின்னால் நின்று சற்று நேரம் பார்த்தேன். ஓட்டுநரின் இருக்கையிலிருந்து தெரிவதுபோல, திரையில் முன்னாலுள்ள பாதை மட்டுமே தெரிந்தது. திடீரென்று அவன் தன் காரைக் கொஞ்சம் வலப்பக்கமாக ஒதுக்கினான். அடுத்த நொடியில் இடப்பக்கமாக ஒரு சிவப்புக் கார் உரசாமல் கடந்து சென்றது. அது வருமுன் திரையில் அதன் நிழல்கூட விழவில்லை. கண்ணாடியையும் அவன் பார்த்ததாகத் தெரியவில்லை.

“அது வருவது உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டேன்.

“கேட்டுச்சுப்பா” என்றான், காதில் அணிந்திருந்த ஹெட்போனைத் தட்டிக் காட்டி.

எனக்கு வியப்பாயிருந்தது. ஒரு சுற்று முடிந்ததும் அவன் பொறுமையாக விளக்கினான். நம்முடைய காரின் எஞ்சின் ஓசை இரண்டு காதுகளிலும் சமமாக, நடுவிலிருந்து வருவதுபோல் ஒலிக்கும். பின்னால் வருகிறவனுடைய ஓசை முதலில் மெல்லியதாக இருக்கும். நெருங்க நெருங்கப் பருத்துக்கொண்டே வரும். அவன் இடப்பக்கமாக முந்த முயன்றால் ஓசை இடக்காதுக்குச் சாயும். வலப்பக்கமாக வந்தால் வலக்காதுக்குச் சாயும். திரையால் பக்கவாட்டைக் காட்ட முடியாது; காது காட்டும். இன்னொரு நுட்பத்தையும் சொன்னான். வேகமாகப் போகும்போது நம் எஞ்சினின் இரைச்சலே மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். வளைவுக்கு முன்னால் முடுக்கியிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கை மிதிக்கும் அந்த இரண்டொரு நொடிகளில்தான் நம் ஓசை தணியும். அப்போது கவனித்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

“அப்படியானால் அவன் முந்தாதபடி வழியை அடைத்துவிடலாமே?” என்றேன்.

“பின்னால இருக்கும்போது சில நேரம் அடைக்கலாம். ஆனா பக்கத்துல வந்துட்டான்னா அவனுக்கு ஒரு கார் அளவு இடம் விடணும்பா. இல்லேன்னா ரெண்டு பேருமே வெளியதான் போவோம்.”

எதிராளியைக் கூர்ந்து கேட்பது அவனை வீழ்த்துவதற்கு மட்டுமல்ல, அவனுக்கு இடம் விடுவதற்கும்தான் என்று பதினேழு வயதுப் பையன் சொல்கிறான். ஒரு போதகனின் மனம் உடனே எங்கே போகும் என்று நீங்கள் அறிவீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு நல்ல உவமை கிடைத்துவிட்டது என்று மனதுக்குள் மகிழ்ந்தேன். அந்த உவமை எனக்கே சொல்லப்பட்டது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

“நீங்க ஒரு தடவை ஓட்டிப் பாருங்கப்பா” என்று எழுந்து இடம் கொடுத்தான். மெதுவாக ஓடும் ஒரு காரையும் எளிதான ஒரு பாதையையும் தேர்ந்து கொடுத்தான். ஹெட்போனை அணிந்துகொண்டேன். ஸ்பீக்கரிலும் ஓசை ஒலிக்கும்படி அவன் வைத்திருந்தான். பைக் ஓட்டிப் பழகிய கைகளுக்கு அது அவ்வளவு கடினமாக இல்லை. முதலில் இடப்பக்கமாக ஒரு கார் வந்தது. அதன் ஓசையைக் கேட்டு ஒதுங்கினேன், அவன் கைதட்டினான். பிறகு வலப்பக்கமாக ஒன்று வந்தது. அதன்மேல் நேராக மோதினேன். அவன் சிரித்தான். மறுபடி இடப்பக்கம் ஒதுங்கினேன். மறுபடி வலப்பக்கம் மோதினேன். மூன்றாம் முறையும் நான்காம் முறையும் அப்படியே நடந்தது. ஐந்தாம் முறை அவன் சிரிக்கவில்லை.

“அப்பா, ரைட்ல வர்றது உங்களுக்குக் கேக்குதா?”

“எல்லாம் இடப்பக்கமாகத்தானே வருகின்றன” என்றேன்.

அவன் ஒன்றும் சொல்லாமல் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, என் இடக்காதின்மேல் இருந்த மூடியை மட்டும் விலக்கி, அந்தக் காதைத் தன் உள்ளங்கையால் பொத்தினான். திரையில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கோ தொலைவில் உலை கொதிப்பதுபோன்ற மெல்லிய இரைச்சல் தவிர எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“ஓசையை நிறுத்திவிட்டாயா?” என்று கேட்டேன்.

அவன் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். “நான் நிறுத்தவே இல்லைப்பா” என்றான்.

அன்பானவர்களே, அந்த நிமிஷம்வரை ஒன்றுமே அறியாதிருந்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது விட்ட பிறகு ஒரு காலையில் எழுந்தபோது வலக்காது அடைத்துக்கொண்டு, உள்ளே வண்டு ஒன்று ரீங்கரிப்பதுபோல் இருந்தது. காதழுக்கு என்று எண்ணிச் சொட்டு மருந்து விட்டேன். அடுத்த வாரம் போகலாம், பண்டிகை முடிந்து போகலாம் என்று மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போட்டேன். எப்போது என்று நினைவில்லாமலே கைப்பேசியை இடக்காதுக்கு மாற்றிக்கொண்டேன். கமிட்டிக் கூட்டங்களில் எல்லாரும் என் இடப்பக்கம் அமையும்படி மேசையின் வலது ஓரத்து நாற்காலியில் உட்காரப் பழகினேன். என் மனைவி ஏதாவது சொல்லி நான் கேளாமற்போனால், “நீ வரவர மெதுவாகப் பேசுகிறாய்” என்று அவள்மேலேயே பழியைப் போட்டேன். குறை எனக்குள் இருந்தது. அதை மறைப்பதற்கு ஏற்றபடி உலகத்தையே திருப்பி வைத்துக்கொண்டேன். அந்த விளையாட்டில் மட்டும் நாற்காலியை மாற்றிப் போட வழியில்லை. எந்தப் பக்கமாக வருவது என்பதை எதிராளி தீர்மானித்தான்.

இரண்டு காதுகளைத் தேவன் ஏன் கொடுத்தார் என்பதற்குப் பிரசங்கங்களில் நாம் சொல்லும் பதில் ஒன்று உண்டு: குறைவாகப் பேசி அதிகமாகக் கேட்பதற்கு. அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்ட பதில் வேறு. வலப்பக்கமிருந்து வரும் ஓசை வலக்காதை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றி இடக்காதை அடைய அதற்குச் சிறிது நேரம் கூடுதலாகிறது. அந்த இடைவெளி மிக அதிகமாகப் போனாலும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதோடு, தலை ஒரு சுவர்போல் நின்று மறுபக்கத்துக் காதில் ஓசையைச் சற்றுக் குறைக்கிறது. கீச்சென்ற ஓசைகளில் இந்தக் குறைவு நன்றாகத் தெரியும். இந்த இரண்டு வேறுபாடுகளையும் மூளை ஒப்பிட்டு, ஓசை வந்த திசையை நமக்குச் சொல்கிறது. ஆங்கிலேய அறிஞர் ராலே பிரபு 1907ஆம் ஆண்டில் இதை விளக்கினார். விளையாட்டை உருவாக்குகிறவர்கள் இதே வேறுபாடுகளைச் செயற்கையாக உண்டாக்கித்தான், இல்லாத ஒரு காரை நம் தோளுக்கருகில் வரச் செய்கிறார்கள்.

அப்படியானால் ஒற்றைக் காதுக்குக் கேட்காமல் போவது ஓசை மட்டுமல்ல. ஓசை ஓரளவு கேட்டுவிடும். யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதே தொலைந்துபோகும். சந்தடியில் நிற்கும்போது பத்துக் குரல்களிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுப்பதும் கடினமாகிவிடும். ஆராதனை முடிந்து ஆலய வாசலில் உங்கள் எல்லாருக்கும் கைகொடுத்து நிற்கும் போதகனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன?

அந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றேன். ஒலி புகாத சிறு அறையில் அமர்த்திச் சோதித்தார்கள். பிறகு ஸ்கேனும் எடுத்தார்கள். கட்டி ஒன்றுமில்லை என்று தெரிந்தபோது தேவனை ஸ்தோத்திரித்தேன். ஆனால் மருத்துவர் சொன்ன இன்னொரு வார்த்தை இன்றும் என்னோடு இருக்கிறது. செவி நரம்பு சார்ந்த கேள்திறன் இப்படித் திடீரென்று குறையும்போது, உடனே வந்தால் மருந்து கொடுத்துப் பார்க்க முடியும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. நானோ ஒன்றரை ஆண்டு கழித்துப் போயிருந்தேன். உங்களில் யாருக்காவது ஒரு காது திடீரென்று அடைத்ததுபோலாகிக் கேட்காமற்போனால், சொட்டு மருந்தோடு காத்திராமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். உங்கள் போதகனின் பிழையிலிருந்து இதையாவது நீங்கள் இலாபமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பந்தயத்தில் நான் மோதிய கார்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் வலப்பக்கம் வந்தவை. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. இந்த ஒன்றரை ஆண்டில் என் வலப்பக்கமாக வந்த மனிதர்கள் யார்?

காலையில் என் மனைவியிடம் கேட்டேன்: “என்னிடம் பேச வந்து, நான் முகம் கொடுக்காமல் போய்விட்டதாக யாராவது வருந்துகிறார்களா?”

அவள் சற்றுத் தயங்கி, நம் சபையின் ஒரு வயதான தாயாரைக் குறிப்பிட்டாள். “மூன்று மாதமாக அவர்கள் ஆலயத்துக்கே வரவில்லை. நீங்கள் கவனிக்கவில்லையா?”

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“இரண்டு தடவை சொன்னேனே.”

எந்தப் பக்கம் நின்று சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

நம் சபைகளில் சத்தமாகக் குறை சொல்லுகிறவர்களைப் போதகர்கள் எளிதில் கவனித்துவிடுகிறோம். கமிட்டியில் மேசையைத் தட்டுகிறவர், கடிதம் எழுதுகிறவர், வீட்டுக்கே வந்து வாதாடுகிறவர், இவர்களுடைய எஞ்சின் ஓசை நமக்கு நன்றாகக் கேட்கிறது. ஓசையில்லாமல் விலகுகிறவர்களை என்ன செய்வது? மின்சாரக் கார்கள் மெதுவாக ஓடும்போது ஏறக்குறைய ஓசையே எழுப்புவதில்லை. பார்வையற்றவர்கள் அவை நெருங்குவதை அறியமுடியாமல் ஆபத்துக்குள்ளாகிறார்கள். ஆகவே, இருபது கிலோமீட்டர் வேகம்வரை அவை செயற்கையாக ஓர் ஓசை எழுப்பியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது; புதிய கார் வகைகளுக்கு 2019ஆம் ஆண்டு ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் மனம் நொந்து வீட்டில் அடைந்துகொள்ளும் ஒரு விதவைத் தாய்க்கு ஓசை எழுப்பும் கருவியை யார் பொருத்துவார்கள்? அவர்களுடைய இடம் காலியாயிருந்தது. அந்த அமைதியைக் கேட்க வேண்டியவன் நான்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். காபி வேண்டுமா என்று கேட்டார்கள். மரியாதையில் குறையில்லை, ஆனால் முகம் என்னைப் பார்க்கவில்லை. நான் சுற்றி வளைக்காமல், “அம்மா, நீங்கள் என்னிடம் ஏதோ சொல்ல வந்தீர்கள். நான் கேட்கவில்லை. அது என்ன?” என்று கேட்டேன்.

வெகுநேரம் கழித்துச் சொன்னார்கள். அவர்களுடைய மகளுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடக்கவிருந்தது. அதற்கு முந்திய ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் என் பக்கத்தில் வந்து, “ஐயா, மகளுக்காக ஜெபிக்கணும்” என்றார்களாம். நான் திரும்பாமல் வேறொருவரோடு பேசிச் சிரித்துக்கொண்டே போய்விட்டேனாம். கவனித்திருக்கமாட்டேன் என்று எண்ணி, மறுவாரமும் வந்து சொன்னார்களாம். அப்போதும் அப்படியே.

“எட்டு மாசச் சங்கக் காணிக்கை பாக்கி இருந்துச்சுங்கய்யா. அதனாலதான் ஐயா பாக்க மாட்டேங்கிறாங்கன்னு நெனச்சிட்டேன்.”

அன்பானவர்களே, இருபத்திரண்டு ஆண்டு ஊழியத்தில் என்னை இதைவிடத் தாழ்த்திய வார்த்தையை நான் கேட்டதில்லை. என் காது செய்த பிழைக்கு அந்தத் தாயார் தம்முடைய ஏழ்மையைக் காரணமாக்கிக்கொண்டார்கள். மகளின் அறுவை சிகிச்சையை, போதகனின் ஜெபமில்லாமல், தனியே மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து கடந்திருக்கிறார்கள். மகள் சுகமாயிருக்கிறார் என்று சொன்னார்கள். அது தேவனுடைய கிருபை. என் தவறு அதனால் சிறியதாகிவிடவில்லை.

நான் என் காதைப் பற்றிச் சொன்னேன். விளையாட்டைப் பற்றியும், வலப்பக்கமாக வந்த கார்களைப் பற்றியும் சொன்னேன். நாற்காலியை மாற்றிப் போட்டு மறைத்து வைத்திருந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் ஒன்றும் பேசவில்லை. எழுந்து, என் வலப்பக்கத்தில் கிடந்த தம்முடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டுவந்து என் இடப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்கள். “இப்பக் கேக்குதாய்யா?” என்றார்கள். “கேட்கிறது அம்மா” என்றேன். அதன்பின் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

அந்த நாட்களில் சாமுவேலின் முதலாம் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தைத் திரும்பவும் வாசித்தேன். சிறுவனாகிய சாமுவேல் ஆலயத்தில் படுத்திருக்கும்போது தன் பெயர் சொல்லி அழைக்கப்படுவதைக் கேட்கிறான். அவன் செவி நன்றாகவே கேட்டது. எழுந்து ஓடவும் செய்தான். ஆனால் ஓடியது ஏலியினிடத்துக்கு. மூன்று முறையும் அங்கேயே போனான். குரல் கேட்டது, அழைக்கிறவர் யார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர், கண்பார்வை மங்கிப்போயிருந்த முதியவர் ஏலி. தன் சொந்த வீட்டைச் சரியாக நடத்தாமல் தவறியவர் என்று வேதம் சொல்லுகிற ஏலிதான், அந்த இரவில் குரல் யாருடையது என்று சிறுவனுக்குக் காட்டினார். குறையுள்ள ஒருவர் இன்னொருவருக்கு இதைச் செய்ய முடியும் என்பது எனக்கு மிகுந்த ஆறுதலாயிருந்தது.

மோட்டார் பந்தயத்திலும் ஓர் ஏலி உண்டு. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் ஓட்டுநரின் தலை இருக்கையோடு இறுக்கமாகத் தாங்கப்பட்டிருக்கும். அவர் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க இயலாது. ஆகவே, பார்வையாளர் மாடத்தின் உச்சியில் ஒருவர் நின்று, வானொலிக் கருவி வழியாக அவரிடம் பேசிக்கொண்டே இருப்பார். உட்பக்கம் ஒருவன் இருக்கிறான், வெளிப்பக்கம் ஒருவன் இருக்கிறான், இப்போது யாருமில்லை என்று சொல்லிவருவதே அவருடைய வேலை. அவரை ‘ஸ்பாட்டர்’ என்கிறார்கள். ஐரேசிங் போன்ற கணினிப் பந்தயங்களிலும் இப்படிப்பட்ட குரல் ஒன்று உண்டு. திரையில் பக்கவாட்டுத் தெரிவதில்லை. ஹெட்போன் அணிந்தபின் தலையைத் திருப்பினாலும் ஓசை தலையோடு சேர்ந்தே திரும்பிவிடுவதால், திருப்பிப் பயனில்லை. எவ்வளவு கூர்மையான செவியும் தவறக்கூடும் என்பதால் இன்னொருவரின் சொல் தேவைப்படுகிறது. எனக்கு அப்படிச் சொல்ல என் மனைவி இருந்தாள். இரண்டு முறை சொன்னாள். என் மகன் இருந்தான். அவர்களுடைய குரலை நான் ஏற்றுக்கொள்ளாததே என் உண்மையான செவிடு.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, கண் அறவே தெரியாதவர்கள் இந்தப் பந்தயங்களை ஓட்டுகிறார்கள் என்று அறிந்தேன். 2018ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரையன் ஸ்மித்தும் ஸ்ரீ நாயரும் இதற்கென ஓர் ஒலி முறையை உருவாக்கினார்கள். காரின் வேகத்தையும் அது போகும் போக்கையும் ஓர் ஓசை உணர்த்தும். வரப்போகும் வளைவின் திசையையும் கூர்மையையும் வேறு ஓசைகள் அறிவிக்கும். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ விளையாட்டில், பார்வையற்றவர்களுக்கான ஒலி உதவிகள் தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டிருந்தன. பாதையின் ஓரம் நெருங்கினால் ஓர் ஓசை, வேகத்தைக் குறைக்கவேண்டிய இடத்தில் ஓர் ஓசை, கியர் மாற்ற ஓர் ஓசை. அதை வடிவமைக்க ஆலோசகராக உழைத்தவர், தாமே பார்வையற்றவரான பிராண்டன் கோல். திரையையே பாராமல் அவர்கள் வளைவுகளைக் கடக்கிறார்கள். சுற்றிலும் ஓடுகிற கார்களைச் செவியால் உணர்ந்து ஓட்டுகிறார்கள். நானோ இரண்டு கண்களையும் வைத்துக்கொண்டு ஒரு தாயாரை மூன்று மாதமாகக் காணவில்லை.

எரிகோவின் வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். மாற்கு பத்தாம் அதிகாரத்தில் அவனைக் காண்கிறோம். திரளான ஜனங்கள் கடந்துபோகும் சந்தடியில், கண் தெரியாத அவன் போகிறவர் இன்னார் என்று கேட்டறிந்தான், கேட்டவுடன் கூப்பிட்டான். அநேகர் அவனை அதட்டினார்கள். அந்த இரைச்சலுக்குள்ளே அவனுடைய ஒற்றைக் குரலை நம் ஆண்டவர் கேட்டார். எருசலேமுக்குப் போகிற வழி. அவருக்கு முன்னால் சிலுவை இருக்கிறது. அவர் போய்க்கொண்டே இருந்திருக்கலாம். அவர் நின்றார் என்று சுவிசேஷகன் எழுதுகிறான். நம்முடைய சொந்த எஞ்சினின் இரைச்சல் தணியும்போதுதான் பக்கத்திலிருப்பவருடைய குரல் கேட்கும் என்று என் மகன் சொன்னதன் பொருள் எனக்கு அங்கே விளங்கிற்று. வாசலில் அந்தத் தாயார் கூப்பிட்டபோது நான் நிற்கவில்லை. என் காது குறையுடையதுதான், ஆனால் நின்றிருந்தால், திரும்பியிருப்பேன், திரும்பியிருந்தால், கண்டிருப்பேன். குறை காதில் பாதி, கால்களில் பாதி.

இப்போது என் வலக்காதில் ஒரு சிறு கருவியை நீங்கள் காணலாம். வலப்பக்கம் வரும் ஓசையை அது பிடித்து, இடக்காதிலுள்ள கருவிக்கு அனுப்புகிறது. ஆகவே, வலப்பக்கம் நின்று பேசினாலும் எனக்குக் கேட்கும். ஆனால் மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: ஓசை வரும், திசை வராது. எல்லாக் குரலும் ஒரே காதுக்குள் வந்து விழுவதால், பேசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று கருவி சொல்லாது. ஒவ்வொரு முறையும் நான் நின்று, திரும்பி, முகத்தைப் பார்த்துத்தான் அறியவேண்டும். இதைக் குறையென்று முதலில் வருந்தினேன். இப்போது அப்படி எண்ணவில்லை. ஒவ்வொரு குரலுக்கும் நின்று திரும்புவதைத்தானே நான் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கற்றிருக்கவேண்டும்?

ஆகவே, உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆலய வாசலில் நீங்கள் பேசி நான் திரும்பாமற்போனால், அதற்குக் காரணத்தை உங்களுக்குள் தேடாதீர்கள். உங்கள் ஏழ்மையிலோ, சாதியிலோ, பாக்கியிலோ, பழைய மனத்தாங்கலிலோ தேடாதீர்கள். என் தோளைத் தொடுங்கள். நான் திரும்புவேன்.

உங்களுக்கும் ஒரு கேள்வி வைக்கிறேன். உங்களுக்குக் கேட்காமற்போன பக்கம் எது? வெளிநாட்டிலுள்ள மகனின் அழைப்பு மணி நமக்கு உடனே கேட்கிறது; ஒரே கூரையின்கீழ் இருக்கும் மாமியாரின் பெருமூச்சுக் கேட்பதில்லை. மேலதிகாரியின் காலடிச் சத்தம் கேட்கிறது. பக்கத்து மேசைக்காரர் சில நாட்களாகப் பேசாமல் இருப்பது கேட்பதில்லை. அப்படிக் கேட்காத பக்கத்தைத் தனியே கண்டுபிடிக்க யாராலும் இயலாது என்பதை நான் அநுபவத்தில் கற்றேன். உங்கள் வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் கசப்பாயிருந்தாலும் தர்க்கம் பண்ணாதேயுங்கள். இந்த வாரத்திலேயே அந்த ஒருவருடைய வாசலுக்குப் போங்கள். போட்டியாளராகவும் எதிராளியாகவும் நீங்கள் எண்ணுகிறவராயினும், அவருக்கு ஒரு கார் அளவு இடம் விடுங்கள்.

அந்தத் தாயார் சென்ற ஞாயிறு ஆலயத்துக்கு வந்திருந்தார்கள். வாசலில் வரிசையில் நின்று, தம்முடைய முறை வந்ததும் என்னைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக வந்து கைகொடுத்தார்கள். “கருவி போட்டிருக்கிறேனே அம்மா, எந்தப் பக்கம் நின்றாலும் கேட்கும்” என்றேன். “இருக்கட்டும்யா, பழகிட்டேன்” என்று சிரித்தார்கள்.

ஜெபிப்போம்: கேட்கிற செவியை எங்களுக்குத் தாரும் ஆண்டவரே. கேட்காத பக்கத்தை எங்களுக்குக் காட்டுகிறவர்களின் வார்த்தையைத் தள்ளாதிருக்க உதவிசெய்யும். எங்கள் அருகே அமைதியாய் நிற்கிறவர்களுக்காக நிற்கவும் திரும்பவும் கற்றுத்தாரும். ஆமென்.